பத்தொன்பது நாள் நோயாளி

எனக்கு ஒன்றுமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பெடாஸ் சந்தையில் இன்றைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்றால் நம்புவதில்லை. பாவம், தைரியமாகப் பேசுகிறாள் என்று பார்க்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் இந்திராணி. வயது ஐம்பத்திரண்டு. மலேசியாவில், பெடாசுக்குப் பக்கத்தில் எண்ணெய்க்குப் பழம் வெட்டும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் முனியாண்டி பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச்செல்லும் வேன் ஓட்டுகிறேன். ஒரே வீட்டில் இரண்டு டிரைவர்கள் இருந்தால் எங்கே போனாலும் வழியில் சண்டைதான். மகள் கவிதா கல்யாணமாகி அம்பாங்கானில் இருக்கிறாள்.

எனக்கு வலியோ கட்டியோ எதுவும் கிடையாது. ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போனபோது அங்கிருந்த மிஸ்ஸிதான் ஆரம்பித்து வைத்தார். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். "அம்பது தாண்டிடுச்சுல்ல, ஒரு தடவ மேமோகிராம் எடுத்துருங்க" என்று எழுதிக் கொடுத்தார். மேமோகிராம் என்றால் மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரே. கைக்குத் தட்டுப்படாத சின்னப் புற்றைக்கூட அது முன்கூட்டியே காட்டிவிடுமாம். வேனை ஒழுங்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறவள் நான். நம் உடம்புக்கும் ஒரு முறை செய்தால் என்ன என்று தலையாட்டிவிட்டேன்.

இங்கே லெட்சுமி அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்காள். எங்களுக்கு ஐந்து வீடு தள்ளி, தனியாக இருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி பூசை செய்வார், மற்ற எல்லாம் அண்ணி. ஆத்தாளே வர நேரமானாலும் ஏன் லேட்டு என்று கேட்கக்கூடிய ஆள். பரிசோதனைக்கு முதல்நாள் சாயங்காலம் ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"எதுக்குடி அங்கல்லாம் போற? ஒன்னுமில்லாத ஒடம்ப மெஷின்ல குடுத்துட்டு."

"சும்மா செக்கப்புதான் அண்ணி."

"சரி, போ. காலைல குளிச்சிட்டு இந்தத் துன்னூற தண்ணியில கொழச்சு நெஞ்சு முழுக்கப் பூசிக்க. அக்குள்ள, அடியில, ஒரு எடம் விடாத. ஆத்தா காவலுக்கு நிப்பா."

அண்ணி சொன்னால் மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காலையில் குளித்துவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் திருநீற்றைக் குழைத்து அடித்தேன். மேலே ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்காரரின் லாரியில் ஏறினேன். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேர்த்துக் கொட்டி, மேலே பூசியதெல்லாம் ரவிக்கையோடு போய்விட்டது. மடிப்புக்குள்ளும் அக்குளிலும் இருந்தது மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டது. அது அப்போது எனக்குத் தெரியாது.

படம் எடுக்கும் அறையில் இருந்த மலாய் மிஸ்ஸி நல்ல பெண். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார்.

"கக், பெடாக் அடா பாக்காய்? டியோடரன்?"

அக்கா, பவுடர் போட்டிருக்கிறீர்களா, அக்குளுக்கு ஏதாவது அடித்திருக்கிறீர்களா என்று அர்த்தம். இல்லை என்று சுத்தமான மனசோடு தலையாட்டினேன். பவுடர் என்பது டப்பாவில் வருவது. திருநீறு எப்படிப் பவுடர் ஆகும்? எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன், நான் பொய் சொல்லவில்லை.

படம் எடுப்பது எப்படி என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நின்றுகொண்டே எடுப்பார்கள். மார்பை ஒரு தட்டின்மேல் வைத்து, இன்னொரு தட்டு மேலிருந்து இறங்கி அழுத்தும். சில்லென்று இருக்கும், வலிக்கும், மூச்சை அடக்கச் சொல்வார்கள். பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு படம், மொத்தம் நான்கு. பிள்ளை பெற்றவளுக்கு அது ஒரு வலியே இல்லை. முடித்துக்கொண்டு வந்து கேண்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினேன்.

ஒன்பது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேனில் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். படத்தில் வெள்ளையாகச் சில புள்ளிகள் தெரிகின்றன, கூட்டமாக இருக்கின்றன, மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஊசி போட்டுச் சதையும் எடுப்பார்கள் என்றார்கள். சுண்ணாம்புச் சத்துத் துகள்போலத் தெரிகிறதாம். பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போகும், சில நேரம் புற்றின் ஆரம்பமாகவும் இருக்கும் என்று பொறுமையாகத்தான் விளக்கினார்கள். எனக்குப் புற்று என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. தேதி பத்தொன்பது நாள் தள்ளி இருந்தது.

பயந்தேன். வேறு சொல் தேடிப் பயனில்லை. குளிக்கும்போது தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதுவுமே இல்லாத இடத்தில்கூட ஏதோ இருப்பதாகத் தோன்றியது. கவிதாவுக்குக் கொடுக்க வேண்டிய புடவைகளைத் தனியாக எடுத்து அடுக்கினேன். அடுக்கிவிட்டு, எனக்குப் பிடித்த மயில்கழுத்துப் பச்சையை மட்டும் திரும்ப எடுத்து என் அலமாரியிலேயே வைத்துக்கொண்டேன். சாகப்போகிறவளுக்கு எதற்குடி இது என்று நானே என்னைக் கேட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

என் வீட்டுக்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. ஆனால் அந்தப் பத்தொன்பது நாளும் விடிந்ததும் என் வேனை எடுத்து, கண்ணாடியெல்லாம் துடைத்து, இன்ஜினைச் சூடாக்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டு லாரிக்குப் போனார். கவிதா அம்பாங்கானிலிருந்து நாள் தவறாமல் கஞ்சியும் கண்ணீருமாக வந்தாள். கைபேசியில் எதையெதையோ படித்துவிட்டு, "ம்மா, ஒங்களுக்குன்னா எனக்கும் வருமாம்மா" என்று ஒரு நாள் கேட்டாள். என் நெஞ்சில் புள்ளி இருக்கிறது என்று சொன்னபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அண்ணியிடம் சொன்னது தோட்டத்து ஒலிபெருக்கியில் சொன்னமாதிரி. மறுநாளே தெரியாத வீடில்லை. குழம்பு வந்தது, பழம் வந்தது, எந்தெந்தக் கோயில் தீர்த்தமோ வந்தது. நல்ல மனிதர்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்பிலேயே என்னைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரம் கட்டினார்கள். நான்கு தாய்மார்கள் வந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, பிள்ளைங்கள வேற வேன்ல அனுப்பிக்கிறோம்" என்றார்கள். மந்தினில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். எப்போதும் சீர்த்தட்டு வரிசையில் முதல் ஆள் நான்தான். அன்றைக்குத் தட்டை எடுக்கக் குனிந்தேன். "நீங்க உக்காருங்க லா அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மேளம் கொட்டும்போது, இந்தக் கூட்டத்துக்கு நான் ஏற்கெனவே செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் கோபமாக வந்தது.

பத்தொன்பதாவது நாள் வந்தது. இந்த முறை அண்ணி சும்மா விடுவாரா? பொட்டலம் இரண்டு மடங்கு. விடியற்காலையில் வந்து பக்கத்திலேயே நின்று, "இன்னும் போடு, இன்னும் போடு" என்று பூசவைத்தார்.

அதே அறை, அதே மிஸ்ஸி. மார்பைத் தூக்கித் தட்டின்மேல் வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். அடிமடிப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு பாளம். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இனி அப்பா, கக்?" இது என்ன என்று கேட்கிறார்.

"இனி சாமி" என்றேன். கோயில் சாம்பல், பாதுகாப்புக்குப் பூசியது என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன்.

மிஸ்ஸியின் கண் பெரிதாகியது. அன்றைக்கும் போட்டிருந்தீர்களா என்று கேட்டார். போட்டிருந்தேன் என்றேன். "அடோய், கக்! பெடாக் போட்டீங்களான்னு கேட்டேனே!" என்று மலாயில் கத்தினார். "இனி புக்கான் பெடாக், மிஸ்ஸி!" என்று நானும் கத்தினேன். இது பவுடர் இல்லையே! அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு டாக்டரிடம் ஓடினார். நான் முன்பக்கம் திறந்த கவுனோடு நடு அறையில் நின்றேன்.

ஈரத் துணியால் தேய்த்தார்கள். அக்குள், மடிப்பு, ஒரு இடம் விடாமல். பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் என்னைத் திருப்பித் திருப்பித் துடைத்துவிட்டு மறுபடியும் படம் எடுத்தார்கள். அதோடு விடாமல், குளிர்ந்த கூழைத் தடவி ஸ்கேனும் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

டாக்டர் இளம்வயதுச் சீனப் பெண். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை. அந்தப் புள்ளிகள் உள்ளே இருந்தவை அல்ல, தோலின்மேல் இருந்தவை என்றார். பவுடரில் இருக்கும் துகள்களும் இப்படித்தான் படத்தில் விழுமாம், அதனால்தான் போடக்கூடாது என்கிறார்களாம். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. "பாலேக், கக். செமுவா ஓக்கே" என்றார். வீட்டுக்குப் போங்கள், எல்லாம் சரி.

நான் டாக்டரையும் கட்டிப்பிடித்தேன், மிஸ்ஸியையும் கட்டிப்பிடித்தேன், வாசலில் தள்ளுவண்டியோடு நின்ற ஆளைக் கட்டிப்பிடிக்காதது அவர் செய்த புண்ணியம். கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். அங்கே காத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஊசி போட்டாங்களா?"

"ஊசியும் இல்ல, ஒன்னும் இல்ல லா! எனக்கு ஒன்னும் இல்ல!"

அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு ஆளுக்கு மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டோம். திரும்பும் வழியில் திருநீற்றுக் கதையைச் சொன்னேன். லாரியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். சரி என்றேன்.

தோட்டத்து முச்சந்தியில் அண்ணி சூடத்தோடு நின்றுகொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "பாத்தியா! கரைச்சிட்டா! ஆத்தா துன்னூறு கரைச்சிருச்சு!" என்று கூவினார். பெண்கள் குலவையிட்டார்கள். என்னைச் சுற்றி நின்று கும்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. இதில் என் தப்பு என்று ஒன்று இருந்தால் அதுதான்.

வெள்ளிக்கிழமை சிறப்புப் பூசை. அண்ணி பொட்டலம் பொட்டலமாகத் திருநீறு கட்டிக் கொடுத்தார். வாட்ஸ்அப் புலனத்தில் செய்தி பரவி, பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். அடுத்த வாரம் மூன்று பெண்கள் என்னிடமே வந்து சந்தோஷமாகச் சொன்னார்கள். கிளினிக்கில் வாங்கியிருந்த மேமோகிராம் தேதியை வேண்டாம் என்றுவிட்டார்களாம். "போயி பயந்து சாவறதவிட துன்னூறு போதும்க்கா, ஒங்களுக்கே கரைஞ்சிருச்சே." அப்போதும் நான் சொல்லவில்லை.

அதற்கும் இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். என் ஈரக் கையைப் பிடித்து, முந்தானைக்கு அடியில் இடது பக்கம் வைத்து அழுத்தினார். சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று, கல்லுமாதிரி, நகராமல் இருந்தது.

"ஆறு மாசமா இருக்கு. யாருகிட்டயும் சொல்லல. இப்ப தெனமும் துன்னூறு பூசிக்கிறேன். சின்னதாயிட்டு வருதில்ல?"

எனக்குக் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. மற்றக் கையால் குழாயை மூடினேன்.

"அண்ணி, உக்காருங்க. ஒன்னு சொல்லணும்."

வேன் படியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பில் இருந்த பாளம், ஈரத்துணி, இரண்டு படங்கள். எனக்குள் எதுவும் இருக்கவே இல்லை, அதனால் எதுவும் கரையவும் இல்லை என்றேன். நான் முடித்தபிறகு அண்ணி கேட்டார்.

"அப்ப நான் குடுத்ததாலதான் ஒனக்கு இந்தப் பத்தொம்பது நாளா?"

"நீங்க நல்லதுக்குத்தானே அண்ணி..."

எழுந்து போய்விட்டார். நான்கு நாள் பேச்சில்லை. கோயில் பக்கமும் போகவில்லை. பூசாரி வந்து, விளக்குத்திரி எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் எழுந்தார். "சொல்லாதன்னு சொன்னேன்ல" என்றார். "ஒங்க அக்கா உசுரோட இருந்து என்மேல கோவமா இருக்கட்டும்" என்று நானும் கத்தினேன். அந்த நான்கு நாளும் என் பத்தொன்பது நாளைவிட நீளம்.

ஐந்தாம் நாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது முச்சந்தியில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, கையில் பையோடு. நெற்றியில் ஒன்றுமில்லை. அண்ணியை வெறும் நெற்றியோடு நான் பார்த்ததே கிடையாது. ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"கிளினிக்குக்குப் போ. நல்லா சோப்பு போட்டுத் தேச்சிட்டேன். ஒன்னும் பூசல."

வேனில் ஆத்தா படத்துக்கு முன்னால் ஒரு சின்ன டப்பாவில் திருநீறு வைத்திருப்பேன். இன்ஜினை நிறுத்திவிட்டு அதை எடுத்தேன்.

"நெத்தி படத்துல வராது அண்ணி."

கண்ணை மூடிக் குனிந்தார். பூசிவிட்டேன். "போதும்டி, கீழ எறங்கிடப் போகுது" என்று அதட்டினார்.

கிளினிக் மிஸ்ஸி தொட்டுப் பார்த்துவிட்டு உடனே கடிதம் எழுதினார். அடுத்த வாரமே சிரம்பான். அதே அறை, அதே மலாய் மிஸ்ஸி. பெடாக் போட்டிருக்கிறீர்களா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணி கோயில் மணிபோல முழங்கினார்.

"பெடாக் தாக் அடா! சாமி பொன் தாக் அடா! தாஹி சாஜா!"

பவுடரும் இல்லை, சாமியும் இல்லை, நெற்றியில் மட்டும்தான். மிஸ்ஸி என்னைப் பார்த்தார், நான் மிஸ்ஸியைப் பார்த்தேன், இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அண்ணிக்கு இருந்தது. எனக்கு இல்லாதது அண்ணிக்கு உண்மையிலேயே இருந்தது. சின்னதாக இருக்கும்போதே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அண்ணி அழவில்லை, எனக்கும் சேர்த்துத் தைரியமாக இருந்தார். அறுவைசிகிச்சை செய்து எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு வைத்தியம். வாரத்தில் ஐந்து நாள் நான்தான் வேனில் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன். வழியெல்லாம் என் ஓட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தார். விலகிப்போன நான்கு வீட்டுப் பிள்ளைகளும் திரும்ப என் வேனுக்கே வந்துவிட்டார்கள், அதற்கும் அண்ணி அந்தந்த வீட்டு வாசலில் போய் நின்றதுதான் காரணம்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் திருநீற்றுத் தட்டு மறுபடியும் அண்ணி கையில். ஆனால் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் குனிந்தால் உடனே பூசுவதில்லை. "தேதி வாங்கிட்டியா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்கிறார். வாங்கிவிட்டேன் என்றால், நெற்றியில் பூசி, "இதோட நிறுத்திக்க, கீழ எறக்காத" என்று அனுப்புகிறார். இல்லை என்றால் தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த மூன்று பெண்களும் இப்படித்தான் தேதி வாங்கினார்கள்.

போன வெள்ளி நான் குனிந்தேன்.

"மறுபடியும் எடுக்கணுமே, தேதி வாங்கிட்டியா?"

மறுபடியும் படம் எடுக்க வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்ன காலம் தாண்டி இரண்டு மாதம் ஆகிறது. ஊருக்கெல்லாம் கதை சொல்கிற நான் போகவில்லை. மறுபடியும் அந்தப் போன் வந்துவிடுமோ என்று பயம். மந்தின் கல்யாணத்தில் என்னை உட்கார வைத்த அந்த நாற்காலி கண்முன்னால் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை, அண்ணியிடம்கூட. குனிந்தபடியே, "இன்னும் இல்ல அண்ணி" என்றேன்.

தட்டு என்னைத் தாண்டிப் போனது.

திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போய்த் தேதி வாங்கிவிட்டேன். பயம் போகவில்லை, பயத்தோடுதான் வாங்கினேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெறும் நெற்றியோடு வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்கப்போகிறேன்.